மூச்சு வாங்குமா: ஆம் / இல்லை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிற ஒரு கணக்கு டீச்சர் பாதியைச் சொன்னார். மீதியை நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். எழுதிக்கொள்ளலாமா என்றதற்கு, பேரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றார். ஹில்டா என்று மாற்றியிருக்கிறேன். [நேரில் மரியாதையாக ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவேன். கதைக்குள் ‘அவள்’ என்றால்தான் பக்கத்தில் போய் நிற்க முடிகிறது.]

முதல் வரி: ஏரியின் மேல் பனி விலகாத அந்தக் காலையில் ஹில்டாவின் இதயம்—

வேண்டாம். மாரடைப்புக் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

2

ஹில்டாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. பிரஷருக்கு இரண்டு வருடமாக ஒரு மாத்திரை. கணவர் தனசிங் ஓய்வுபெற்ற சர்வேயர். அளந்து பார்த்ததை மட்டும் நம்புகிறவர். கல்யாண நாளுக்கு மகள் சுஜி இருவருக்கும் ஒரே மாதிரி ஃபிட்னஸ் வாட்ச் அனுப்பியிருந்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஆரம்பித்தது. இரண்டாவது மாடி வகுப்புக்கு ஏறினால், மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் பேச்சு வந்தது. தனசிங்கிடம் சொன்னாள். அவர் அவள் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். ஏரோபிக் ஃபிட்னஸ் மிகச் சிறப்பு. உடம்பின் வயது முப்பத்தெட்டு.

“என்னைவிட உனக்குத்தான் நல்லா இருக்கு. எல்லாம் மனசுதான், ஹில்டா.”

அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

[இந்த இடத்தில் எனக்கே என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. முப்பது வருடம் வகுப்புகளை அதட்டியவள் ஒரு வாட்சுக்கு வாயை மூடிக்கொள்வாளா? டீச்சரிடமே கேட்டேன். “நானும் நம்பிட்டேன் சார். முப்பத்தெட்டுன்னா நம்பத் தோணாதா?” என்றார்.]

* கலோரி பற்றி ஒரு குறிப்பு: ஏரியைச் சுற்றி வந்தால் வாட்ச் நானூறு என்று காட்டும். அந்தத் தெம்பில் தனசிங் இரண்டு மெதுவடை சாப்பிடுவார். மூன்று மாதத்தில் பெல்ட்டின் நுனிப்பக்கம் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது. பெல்ட்டின் தோல் சுருங்கிவிட்டது என்றார்.

3

சுஜியின் தோழி ஹர்ஷா, தாம்பரம் பக்கம் ஓர் உடற்கல்விக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஐம்பது தாண்டியவர்களை டிரெட்மில்லில் ஏற்றி, முகமூடி மாட்டி, உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்று அளந்து, வாட்ச் சொல்வதோடு ஒப்பிடுவது அவள் வேலை. தனசிங் பெருமையாக மனைவியின் பெயரைக் கொடுத்தார்.

முதல் வரைவில் நான் ஹில்டாவை ஓடவே விட்டேன். முகமூடிக்குள் அவள் திணற, திரையில் எண் சரிய, தனசிங்கின் முகம்—

[அடித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை.]

நடந்ததெல்லாம் கல்லூரியில் ஹர்ஷா கொடுத்த ஒரு படிவத்தில்தான். தனசிங்கே உட்கார்ந்து நிரப்பினார். மாத்திரையின் பெயரை ஒழுங்காக எழுதினார். ‘நடக்கும்போது மூச்சு வாங்குமா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’யில் டிக் போட்டார். பரீட்சை ஹாலில் ஒரு பிள்ளை தப்பாக எழுதுவதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போலிருந்தது ஹில்டாவுக்கு. பேனாவைக் கேட்டு வாங்கினாள். அந்த டிக்கின் மேல் கோடு போட்டு அடித்தாள். ‘ஆம்’ என்பதில் போட்டு, பக்கத்தில் ‘நாலு மாதமாக’ என்று எழுதினாள்.

படித்துப் பார்த்த ஹர்ஷா, முகமூடியை மறுபடி பெட்டியில் வைத்தாள்.

“இன்னைக்கு நீங்க ஏற வேணாம் ஆன்ட்டி. முதல்ல டாக்டரப் பாருங்க.”

வாட்சில் நன்றாகத்தானே காட்டுகிறது என்றார் தனசிங்.

“அது மூச்சை அளக்கறதில்ல அங்கிள். நாடித்துடிப்பப் பாத்து ஊகிக்குது. ஆன்ட்டி சாப்பிடற மாத்திரை துடிப்பை ஏற விடாது. நடந்தும் துடிப்பு ஏறலையா, அப்ப செம ஃபிட்டுன்னு அது முடிவு பண்ணிடும்.”

கலோரிக் கணக்கு அதைவிட மோசம் என்றும் சொன்னாள். தனசிங் தன் வாட்சைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார்.

4

டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழு. மேலும் சோதித்ததில், வயிற்றில் ஒரு புண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் வகுப்பிலேயே விழுந்திருப்பீர்கள் என்றார். ஆறு நாள் ஆஸ்பத்திரி. ரத்தம் ஏற்றினார்கள், புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

5

முடிவு ஒன்று: ஆஸ்பத்திரி வராந்தாவில் தனசிங் கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அவர் கேட்கவில்லையாம்.

முடிவு இரண்டு: ஹில்டா வாட்சைக் கழற்றி ஏரியில் எறிகிறாள். இதைச் சொன்னதும் டீச்சர் சிரித்துவிட்டார். மணி சரியாகத்தானே காட்டுகிறது என்றார்.

நடந்தது இது. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் தனசிங் காபி போட்டு எடுத்து வந்தார். நீட்டியபடி நின்றார்.

“இப்ப எப்படி இருக்கு? நீயே சொல்லு.”

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில், பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று ஹில்டாவுக்குத் தோன்றியது. டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்த்து,

— இதற்கு மேல் டீச்சர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கற்பனை செய்து சொல்லப் போவதில்லை. அவள் சார்பில் ‘இல்லை’யில் டிக் போட்டவர் ஒருவர் போதும். உங்கள் வீட்டிலும் யாராவது எதையாவது ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு சொல்லாமல் விட்டிருக்கலாம். அவரிடம் போய்க் கேளுங்கள். கிடைக்கிற பதிலை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.