கடவுளின் நெற்றி

சுரங்கத் தண்டனைக்குப் போகிறவனின் நெற்றியில் சூடு போடுவது ரோமப் பேரரசின் கார்த்தேஜ் நகரில் பழைய வழக்கம். தண்டனை முடிந்து திரும்பினாலும் அந்தத் தழும்புக்கு எவனும் வேலை தரமாட்டான். வரி வசூலிக்க வந்தவனை அடித்த என் தம்பி கெமெல்லுஸுக்குச் சுரங்கம் என்று தீர்ப்பாயிற்று. அடித்தது உண்மைதான். தண்டனையை நான் மறுக்கவில்லை. அவன் நெற்றியை மட்டும் விடச் சொன்னேன்.

முகத்தில் சூடு கூடாது, கையிலோ காலிலோ போடலாம் என்று பேரரசர் சட்டம் போட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. துணி வெளுக்கிற எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். ஆளுநரின் மன்றத்தில், சந்தையே கூடி வேடிக்கை பார்க்க, அந்தச் சட்டத்தைச் சொன்னேன்.

ஆளுநரின் சட்ட ஆலோசகர் லாம்பாதியுஸ் சிரித்தார்.

"ஏம்மா, முகம்னா கண்ணு, மூக்கு, வாய். நெத்தி அதுக்கு மேல இருக்கு. போய்த் துணியத் துவை."

"துவைக்கிறேன். ஏன் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கே, அதையும் படிங்க."

"அது சும்மா அலங்காரம். தேவாலயத்துப் பேச்சு."

"அப்ப நான் சொல்றேன். 'விண்ணக அழகின் சாயலில் உருவான முகம் கறைபடக் கூடாது.' கடவுள் தன் சாயல்ல மனுஷனப் படைச்சார்னு வேதம் சொல்லுது. அதைத்தான் பேரரசர் சட்டத்துல வெச்சிருக்கார். சொல்லுங்கய்யா, கடவுளுக்கு நெத்தி இல்லையா?"

அவர் ஆளுநரைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லேன்னு சொல்லுய்யா பாப்போம்!" என்றாள் ஒரு மீன்காரி.

கூட்டம் சிரித்தது. பிறகு முழங்கியது. "கடவுளுக்கு நெத்தி உண்டு! கடவுளுக்கு நெத்தி உண்டு!" தேவாலய வாசலையே மிதிக்காதவர்கள்கூடத் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

மன்றத்தில் மக்கள் முழங்குவதை அப்படியே எழுதிப் பேரரசருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. சுருக்கெழுத்தர்களின் கைகள் பறந்தன.

"டேய், இதையெல்லாம் எழுதாதீங்கடா!" என்றார் லாம்பாதியுஸ்.

"எழுதலேன்னா எங்க தலை போயிடும் சாமி."

ஆளுநர் அந்த எழுத்தாணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கையில போடுங்க" என்றார்.

போட்டார்கள். தம்பி அலறினான். மூச்சு திரும்பியதும், "அக்கா, மூஞ்சி எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"எப்பவும்போலக் கேவலமா இருக்குடா" என்றேன். அழுதுகொண்டே சிரித்தேன்.

வரிசையில் அடுத்து நின்ற கைதியை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லாமலே சட்டைக் கையைச் சுருட்டினான். தலையை நிமிர்த்தி, கையை நீட்டினான். இரும்பு பிடித்தவன் அவன் நெற்றிப் பக்கம் திரும்பவே இல்லை.