சாத்தூர்த் துறைமுகம்

என் கணவரின் வயிற்றுக்குக் கப்பல்கள் வருகின்றன. எண்ணெய்க் கப்பல்தான் அதிகம். பருப்புக் கப்பல் எப்போதாவது வரும்.

சாத்தூரில் கடல் கிடையாது. வைப்பாற்றில் மணல்தான் இருக்கிறது. கப்பல்கள் வேறு எங்கே போகும்?

அவர் பெயர் குருவையா. தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டு காராச்சேவு தின்பார். அப்படி ஒரு நாள் தின்றுகொண்டிருக்கும்போது வயிற்றிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"வாயு," என்றார்.

நான் காதை வைத்துக் கேட்டேன். ஹாரன். பிறகு உள்ளே யாரோ கயிறு போடச் சொல்லிக் கத்தினார்கள். நான் காதை எடுத்துவிட்டேன். அப்புறம் எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

எதுவும் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் மிக்ஸியைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அதில் சட்னி அரைத்தேன். அதனால் இதையும் குருவையாவுக்குப் பொறுமையாக விளக்கினேன்.

சேவு பொரிக்கிற எண்ணெய் பாமாயில். அது நம் ஊர்ப் பனையிலிருந்து வருவதில்லை. கடல் தாண்டி, மழை விடாமல் பெய்கிற தேசத்தில் செம்பனை என்று ஒரு மரம் இருக்கிறது. குலை குலையாகச் சிவப்புப் பழம். அதை நடுவதற்காகக் காட்டை எடுக்கிறார்கள். பழத்தை அவித்துப் பிழிந்தால் எண்ணெயும் சிவப்பாக வரும். முதலில் அதன் நிறத்தை எடுப்பார்கள். பிறகு வாசனையை எடுப்பார்கள். தான் எங்கிருந்து வந்தோம் என்று எண்ணெய்க்கே மறந்த பிறகு கப்பலில் ஏற்றுவார்கள். விலை மலிவு. மலிவு என்பதால் சேவுக்கடைக்காரர் வாங்குகிறார். அவர் வாங்குவதால் நாம் தின்கிறோம். நாம் தின்பதால் கப்பல் வருகிறது. நடுவில் துறைமுகம், லாரி, மொத்தக் கடை என்று ஒரு சுற்றுவழி இருந்தது. இப்போது அதை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

குருவையா திடுக்கிட்டுப் போனார்.

"அப்ப நான் திங்காம இருந்தா?"

"கப்பல் வராதுங்க."

தட்டைப் பார்த்தார். பாதிச் சேவு இருந்தது. தின்றார்.

அதன்பின் அவர் சட்டையைக் கழற்றினால் உப்பு உதிர்ந்தது. குளியலறையில் கடல்காகங்கள் உட்கார்ந்திருந்தன. காலையில் அவர் வாயைத் திறந்தால் புகை வந்தது. அவருக்குப் பீடிப் பழக்கம் இல்லை.

பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏ இந்திராணி, உன் வீட்டுக்காரரு என்னத்தக் கொளுத்துறாரு? கொடியில கெடக்குற துணி பூராம் கரி."

"அது காட்டுப் புகைக்கா. செம்பனை நடுறதுக்கு எரிக்காக."

"எந்தக் காட்ட?"

"தெரியலக்கா. ரொம்பத் தூரம்."

"தூரத்துக் காடு என் கொடியில வந்துதான் எரியணுமா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "கப்பலெல்லாம் வருதாம்ல. எங்க வீட்டுக்காரரும் அதே கடைச் சேவுதான் திங்காரு. ஒரு தோணி வந்துச்சா? எதுக்கும் ஒரு ராசி வேணும்."

டாக்டர் ஆவுடைநாயகத்திடம் போனோம். அவர் குருவையாவின் நெஞ்சில் குழாயை வைத்தார். உடனே காதிலிருந்து பிடுங்கி எடுத்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வாயு இல்ல. போக்குவரத்து," என்றார்.

"அது தெரியும் டாக்டர்."

"கால்வாய் பூரா வண்டல். பொரிச்ச எண்ணெயிலயே திரும்பத் திரும்பப் பொரிச்சுத் தின்னா இப்படித்தான் படியும். ஒரு கப்பல் தரைதட்டுச்சுன்னா நெஞ்சு நின்னுரும்."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"தூர் வார முடியாதா?"

"நான் வார வார நீங்க போட்டுக்கிட்டே இருப்பீங்க. சாப்பாட்ட மாத்துங்க. நடந்து வர்றதத் தின்னுங்க."

"நடந்து வர்றதுன்னா, ஆடா?" என்று குருவையா ஆசையாகக் கேட்டார்.

"கப்பல் ஏறாததுன்னு சொல்ல வந்தேன்."

நாங்கள் எழுந்தபோது டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"இன்னொண்ணும்மா. ஒரு ஆளுக்கு இத்தனை கப்பல் வந்தா மேலிடத்துக்குத் தெரிஞ்சிரும். துறைமுகத்துக்குக் குடுங்கன்னு வந்து கேப்பாங்க. குடுத்துராதீங்க. குடுத்துட்டா அப்புறம் அவரு ஆள் இல்ல. இடம்."

நான் கொடுக்க மாட்டேன் என்றேன். இதற்கெல்லாம் ஒரு டாக்டர் சொல்ல வேண்டுமா?

வீட்டுக்கு வந்து அலமாரியைக் காலி செய்தேன். அப்போதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. துவரம்பருப்பை நம்முடையது என்றே நினைத்திருந்தேன். நான் வாங்கின பருப்பு ஆப்பிரிக்கக் கரையில் கப்பல் ஏறியிருந்தது. பெருங்காயம் ஆப்கானிஸ்தான் பக்கத்து மலையில் ஒரு செடியின் வேரைக் கீறி எடுத்த பால். தாளித்த பாமாயிலையும் சேர்த்தால், ஒரு சட்டி சாம்பாருக்குள் மூன்று தேசம் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதில் கரண்டியை விட்டுக் கிண்டியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து கம்பங்கூழ். கேப்பைக் களி. தட்டாம்பயறுக் குழம்பு. பக்கத்து ஊர்ச் செக்கிலிருந்து கடலை எண்ணெய். செக்கு எண்ணெய் விலை அதிகம் என்பதால் கொஞ்சமாகத்தான் ஊற்றினேன். கொஞ்சமாக ஊற்றியதால் எதையும் பொரிக்கவில்லை. பொரிக்காததால் வண்டல் சேரவில்லை. பாருங்கள், ஒன்றை நகர்த்தினால் எல்லாம் நகர்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. குருவையாவுக்குப் பிடிக்கவில்லை.

"தீப்பெட்டி ஆபீஸ்ல கேக்குறாங்க, வீட்ல கோழிக்கு வைக்கறத உமக்கு வைக்காங்களான்னு."

"கப்பல் எப்படி இருக்கு?"

"நாலஞ்சு வலது முழங்கால் பக்கமா நிக்கி. ஹாரன் அடிச்சிட்டே கெடக்கானுக."

"அடிக்கட்டும்."

கப்பல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. புகை நின்றது. கடல்காகங்கள் போய்விட்டன. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தினார்.

"இந்திராணி, கேட்டியா? இப்ப வயிறு சும்மா வயிறு மாதிரி கத்துச்சு."

நான் காதை வைத்துக் கேட்டேன். பசிதான். வெறும் பசி. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் என் தலையைக் கொஞ்ச நேரம் வயிற்றிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள்.

இரண்டு பேர். ஜெபஸ்டின் என்ற அதிகாரி. அளவெடுக்கும் ரெஜினா அம்மா. இருவரும் வெள்ளை உடுப்பு. கையில் ஒரு தாம்பாளம். அதில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கதம்பம், கொஞ்சம் கப்பல் கயிறு.

"நல்ல காரியமா வந்திருக்கோம்," என்றார் ஜெபஸ்டின்.

பாயை விரித்தேன். காபி போடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. முடிவாகாத வீட்ல கை நனைக்கக் கூடாது. எங்க இலாகாவுலயும் அதே வழக்கந்தான்."

குருவையா வேட்டியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

"பையன் என்ன ஆழம்?" என்று ரெஜினா அம்மா கேட்டாள்.

"பையன் இல்லம்மா. அவரு என் வீட்டுக்காரரு."

"அது இருக்கட்டும். ஆழம்?"

"தெரியாது."

"கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க."

குருவையா திரும்பினார். அவள் விலாவைத் தட்டிப் பார்த்தாள். "அலைதடுப்பு நல்லாருக்கு. பாட்டு கீட்டு வருமா?"

"வராது," என்றார் குருவையா.

"பரவால்ல. சங்கு நாங்க வச்சுக்கறோம்."

"அவரக் கூட்டிட்டுப் போயிருவீகளா?" என்றேன்.

ஜெபஸ்டின் சிரித்தார். "துறைமுகத்த யாரும்மா கூட்டிட்டுப் போவாங்க? இங்கயேதான் இருப்பாரு. நீங்கதான் உள்ள வர முடியாது."

"குடுக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். முடியாது."

குருவையா என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர்கள் வருத்தப்படவில்லை. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டினார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக விளக்க வேண்டும்.

நம் பக்கத்தில் மத்தியான வேளையில் வெயிலில் இறங்குகிறவரைப் பார்த்தால் ஒரு வாக்கியம் தானாக வரும். அதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. தும்மல் மாதிரி. "இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க." கேட்டவர் "இருக்கட்டும், இன்னொரு நாளைக்கு" என்பார். இரண்டு பேருக்கும் திருப்தி. யாரும் சாப்பிட வேண்டியதில்லை. அப்படித்தான் அது வேலை செய்கிறது.

நான் சொன்னேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

அடுப்படிக்குப் போனேன். சட்டியில் கம்பங்கூழ் இருந்தது. அதையே ஊற்றியிருக்கலாம். ஆனால் வெள்ளை உடுப்புப் போட்ட விருந்தாளிக்குக் கூழா? தங்கபுஷ்பம் அக்கா சுவர் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஊர் முழுவதும் சொல்வாள். அவளிடமே ஒரு படி பொன்னி அரிசி, கொஞ்சம் துவரம்பருப்பு, பெருங்காயம், ஒரு பாக்கெட் பாமாயில் கைமாற்றாக வாங்கினேன். சந்தோஷமாகக் கொடுத்தாள்.

சோறு வெந்தது. சாம்பார் கொதித்தது. அப்பளம் மட்டும் பாக்கி. அப்பளம் பொங்குவது ஒரு அழகான விஷயம். உளுந்து மாவுக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியே வர வழி தேடி, அப்பளத்தை நாலு பக்கமும் தள்ளுகிறது. ஒவ்வொரு அப்பளம் பொங்கும்போதும் கூடத்தில் ஒரு ஹாரன் கேட்டது.

"இந்திராணி," என்று குருவையா கூப்பிட்டார். "கப்பலெல்லாம் திரும்பி வருதுடி."

"ஒரு நிமிசங்க. விருந்தாளி பசியோட இருக்காக."

இலை போட்டேன். நன்றாகச் சாப்பிட்டார்கள். ரெஜினா அம்மா இரண்டாம் முறை சாம்பார் கேட்டாள். ஜெபஸ்டின் அப்பளத்தைச் சோற்றில் நொறுக்கிப் போட்டுப் பிசைந்தார். இலையை மடித்து எழுந்து, முற்றத்தில் கை கழுவினார்கள். துண்டு கொடுத்தேன்.

ஜெபஸ்டின் கையைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"அப்ப சந்தோசம், சம்மந்தி."

என் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

"நான் முடியாதுன்னுல்ல சொன்னேன்!"

"வாய் சொல்லுச்சு. இலை போட்டீங்களேம்மா."

நான் குருவையாவின் பக்கம் ஓடினேன். பாயில் உட்கார்ந்திருந்தவர் இப்போது படுத்திருந்தார். அவர் கால்கள் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தன. கட்டைவிரல்களில் கயிறு கட்டியிருந்தது. கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அவர் முகம் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

"இந்திராணி," என்றார். "கூழு மிச்சமிருக்கா?"

"இருக்குங்க! இந்தா வாரேன்!"

சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் கூடத்துக்கு ஒரு இரும்புக் கேட் வந்துவிட்டது. ஜெபஸ்டின் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"உள்ள விட முடியாதும்மா."

"நான் அவரு பொண்டாட்டி!"

"இடத்துக்கு ஏதும்மா பொண்டாட்டி?"

"அப்ப நான் யாரு?"

ஜெபஸ்டின் ரெஜினா அம்மாவைப் பார்த்தார். அவள் கேட்டுக்கு வெளியே வந்து நாடாவை எடுத்தாள். என் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தாள். தலையை ஆட்டினாள்.

"துறைமுகம்னு ஒண்ணு இருந்தா, சரக்கு போய்ச் சேர ஊருன்னு ஒண்ணு வேணும்ல. அது நீங்க."

நான் அதிர்ந்து போய் என் கையைப் பார்த்தேன். தார் போட்டிருந்தார்கள். இன்னும் சூடாக இருந்தது. நடுவில் வெள்ளைக் கோடு போயிற்று. சட்டியை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியவில்லை.

கேட் திறந்தது. ஒரு டேங்கர் லாரி என் மணிக்கட்டில் ஏறி முழங்கைப் பக்கம் வந்து நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கினார்.

"எம்மா, மொத்தக் கடைக்கு எப்படிப் போகணும்?"

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. "நேரா தோள் வரைக்கும் போங்க. கழுத்துக்கிட்ட இடது பக்கம் திரும்பி எறங்குனா வந்துரும்," என்றேன். பிறகு கேட்டேன். "அவரு சாப்பிட்டாரா?"

"யாரு?"

"குருவையா."

"குருவையா துறைமுகமா? துறைமுகம் எங்கம்மா சாப்பிடும்? எறக்கும், ஏத்தும்."

"என்ன லோடு?"

"எண்ணெய்தான். உங்களுக்குத்தான். ஊரே பொரிச்சுத் திங்குதாமே."

"எனக்கு வேண்டாம்."

"ஊருக்கு வேண்டாம்னா நான் யாருகிட்டம்மா எறக்குறது?"

நான் யோசித்தேன். முதல் தடவையாக எனக்கு ஒன்றை விளக்கத் தெரியவில்லை.

"அண்ணே, திரும்பிப் போகும்போது வண்டி காலியாத்தான போகும்? என்னையும் ஏத்திட்டுப் போறீகளா? கேட்டுக்குள்ள எறக்கி விட்டாப் போதும்."

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திடுக்கிட்டது இந்த முறை அவர்தான்.

"ஊரு எப்படிம்மா லாரியில ஏறும்?"

பின்னால் இன்னொரு லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னாலும் ஒன்று நின்றது. வழி விடுவதற்காக முழங்கையைக் கொஞ்சம் நீட்டினேன்.