உப்புக் கண்ணாடி

தண்ணி விட விட அது கரைஞ்சிக்கினே போச்சி. குழாய மூடறதா, மாமாவக் கூப்புடறதான்னு கிருபாவதிக்குத் தெரியல. கொஞ்ச முன்னால பளிங்காட்டம் இருந்த வட்டக் கண்ணாடி, இப்ப சப்பிப்போட்ட கல்கண்டு மாதிரி வெளுத்துப்போயி கையில வழுக்குச்சி.

சித்தூர் கிறிஸ்தவ சபையில இருவது வருசமா இராப்போஜனத்துக்குத் திராட்சச் சாறு காய்ச்சறது அவ அம்மா ஞானம்மாள்தான். மூணு தபா அலசாத எதுலயும் சாறு படக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லியே மகள வளத்தவ.

அந்தச் சாறு புளிச்சி, கள்ளா ஆயிடுச்சின்னு போன வாரம் மூப்பர் பிரகாசம் சபையில எழுந்து சொல்லிட்டாரு. மது தொடாத சபை. புளிக்கலன்னு ஞாயித்துக்கெழமைக்குள்ள ரூபிக்கணும். இல்லன்னா அந்த வேல அவரு பொண்டாட்டிக்குப் போயிடும்.

திருப்பதியில காலேஜ் லேபுல அட்டெண்டரா இருந்த தேவானந்தம் மாமா கடுதாசி போட்டாரு: "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த உள்ள வுட்டு, எதுல இன்னா கலந்திருக்குன்னு எங்க மெஷினு காயிதத்துல கோடு போட்டுடும். பொய்யே சொல்லாது. பாட்டிலோட புள்ளைய அனுப்பு."

சாறு தடவறதுக்குன்னு அந்தக் கண்ணாடியக் குடுத்துட்டுப் போன மாமா, இப்ப ஓடியாந்து பாத்தாரு. "கழுவனியா? அது உப்புல செஞ்சது புள்ள."

"கண்ணாடின்னு சொன்னீங்களே மாமா."

"அந்த வெளிச்சம் கண்ணாடியில பூராது. உப்புலதான் பூரும்." சொல்லிட்டு அவரே யோசன பண்ணாரு. அந்த லேபு புரொபசர் எப்பவும் எண்ணெய வெச்சித்தான் இதுல பாப்பாரு. சாறுன்னா முக்காவாசி தண்ணிதானே. "நீ கழுவாட்டியும் கரைஞ்சித்தான் போயிருக்கும்"னாரு, ஆறுதல் சொல்றாப்ல.

மெஷினு சும்மா உறுமிக்கினு இருந்துச்சி. மாமா ஸ்டூல்ல குந்தி, பாட்டில மோந்து பாத்து ஒரு மடக்கு குடிச்சாரு. அப்பறம் இன்னொண்ணு. பாதி பாட்டில் காலியானதும், "புரொபசர் கெடக்கறாரு, போ"ன்னாரு. பதினஞ்சி வருசமா அந்தாளு பேரக் கேட்டாலே எழுந்து நிக்கறவரு. காது ரெண்டும் செவந்து, மேசையில தாளம் தட்டி, கீர்த்தன பாட ஆரம்பிச்சிட்டாரு.

சாயங்காலம் சித்தூர் பஸ் ஸ்டாண்டுல அம்மா நின்னுக்கினு இருந்தா. பக்கத்துல சைக்கிளோட பிரகாசம். அவருக்கு நல்லாக் கேக்கணும்னே அம்மா சத்தமாக் கேட்டா:

"சொல்லு கிருபா, மெஷினு இன்னா சொல்லுச்சி?"