வெறும் வயிற்று மருந்து

தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கணவர் சுந்தரேஷுக்குக் கொடுத்ததிலிருந்து, அவர் உடம்பில் பாதி தனக்குச் சொந்தம் என்றுதான் காமேஸ்வரி நடந்துகொண்டாள். அண்ணாமலையார் கோயில் குருக்களான அவரோ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் போக்கில் போகிறவர்.

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கியிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு பூஞ்சை அவர் இரைப்பைச் சுவருக்குள் புகுந்துவிட்டது. பசி என்பதே போய்விட்டது. ஊசி மருந்தில் பாதி அடங்கியதும், மீதிக்குக் குடிக்கிற மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று வேலூர் ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால், புண் ஆறவே இல்லை.

இரைப்பையில் ஒரு பகுதியை வெட்ட வேண்டிவரலாம், புதுச் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்பது சந்தேகம் என்றார் டாக்டர் தனம். ரத்தத்தில் மருந்து ரொம்பக் கம்மியாக இருக்கிறதே, ஒழுங்காகக் குடிக்கிறாரா என்றும் கேட்டார்.

காமேஸ்வரிக்குச் சுருக்கென்றது. "ஒரு வேளைகூடத் தவறினதில்ல டாக்டர். விடியக்காலம் குளிச்சு, பச்சத்தண்ணி பல்லுல படாம, மருந்தைக் குடிச்சுட்டுத்தான் சன்னதிக்கே போறார்."

டாக்டர் நிமிர்ந்தார். "வெறும் வயித்துலயா?"

சாப்பாட்டோடு என்று சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் பங்காளிகளிடையே மாறி மாறி வரும் பூஜைமுறை தன் கையில் இருக்கும்போது அவர் சாப்பிட்டுவிட்டுக் கர்ப்பக்கிரகத்துக்குள் போவாரா? சாயங்காலமும் அதே கதை. மருந்தும் தவறவில்லை, ஆசாரமும் கெடவில்லை என்று இருவருக்கும் பெருமை வேறு. கொழுப்புள்ள சாப்பாடு கூட இருந்தால்தான் இந்த மருந்து ரத்தத்தில் ஏறும் என்று டாக்டர் விளக்கினார். நெய் விட்டு வயிறாரச் சாப்பிட்டுக் குடிக்கட்டும், கொஞ்ச நாள் பார்ப்போம், கத்தி அப்புறம்.

காமேஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் விடிவதற்குள் பொங்கலில் நெய்யை ஊற்றோ ஊற்றென்று ஊற்றிவிட்டாள். சுந்தரேஷ் இலையைப் பார்த்துத் தயங்கினார். தன் முறை முடிகிறவரை பொறுக்கலாமே என்று இழுத்தார்.

"ஏன்னா, நான் கிட்னியையே கொடுத்தேன். நீங்க பூஜைமுறையைக் கொடுக்க மாட்டேளா?"

அவர் போனை எடுத்து, முறையைப் பார்த்துக்கொள்ளும்படி சித்தப்பா பிள்ளை சிவகணேஷிடம் சொன்னார். கோபுரத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு முதல் கவளத்தை எடுத்தார்.

அடுத்த முறை குழாய் விட்டபோது புண் நன்றாகச் சுருங்கியிருந்தது. கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் காமேஸ்வரி அழுதாள், அழுகையோடு சிரித்தாள். மயக்க மருந்து தெளிந்த சுந்தரேஷ் அவளைத் தேடிக் கையை நீட்டினார்.

"பசிக்கறதுடி காமு," என்றார்.