ஐந்து மணிக்குள் பல்

என் தம்பி பாக்-ஹோங்கின் மேல்வரிசைப் பல்செட், அவன் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை இரண்டாக உடைந்தது. கடலைமிட்டாயில். மக்காவ் கடைத்தெருவில் ருசி பார்க்க ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். அவன் ஒன்பது கடை ஏறி இறங்கினான். ஒன்பதாவது கடையில் உடைந்தது. எங்கும் எதுவும் வாங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மக்காவ்தான் ஊர். கல்யாணத்தை ஒரு சூதாட்ட விடுதியில் வைத்திருந்தார்கள். நாங்கள் ஹாங்காங்கிலிருந்து வந்து அங்கேயே தங்கியிருந்தோம். விருந்து எப்போது தொடங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பிரச்சினை தேநீர். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் குடித்துவிட்டு வாழ்த்த வேண்டும். சம்பந்தியம்மா பஞ்சாங்கம் பார்த்து, மூன்றிலிருந்து ஐந்துக்குள் என்று குறித்திருந்தார். ஐந்துக்கு மேல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டார்.

கல்யாணப் பெண் சூட்-யிங்குக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும்தான். பல் இல்லாமல் அவன் பேசினால் காற்றுதான் வரும். கல்யாணத்தன்று காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று வாழ்த்தைச் சொல்லிப் பார்த்தான். சூட்-யிங் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை, இது ஒரே ஒரு தடவ சொல்றது. எனக்குப் புரியணும்."

எல்லைக்கு அந்தப் பக்கம் சீனாவின் ஜூஹாய். பல் வேலை அங்கே மலிவு. எங்கள் கட்டடத்தில் பாதிப் பேரின் பல் அந்த ஊரில் செய்ததுதான். காலை ஒன்பதரைக்கு நானும் தம்பியும் கிளம்பினோம்.

"டாக்ஸில போயிரலாம்டா."

"விடுதி பஸ் இருக்குல்ல. எல்லை வாசல் வரைக்கும் ஓசி."

அவன் பேச்சைப் பல்லோடு சொல்கிறேன். இல்லாவிட்டால் யாருக்கும் விளங்காது.

"இன்னைக்கு ஒரு நாள் காசு குடுத்தா என்ன?"

"முப்பத்தொரு வருஷம் மினிபஸ் ஓட்டினவன் நான். இன்னொருத்தன் வண்டிக்கு நான் காசு குடுக்கணுமா?"

"உன் வண்டில ஏறினவங்க குடுத்தாங்களே."

"அவங்க ஓட்டத் தெரியாதவங்க."

பேருந்தில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். வழியில் கடல்பாலம் முழுக்க அந்த ஆளின் ஓட்டத்தைத் திருத்திக்கொண்டே வந்தான். திருப்பத்தில் பிரேக்கை ஏன் தொட்டாய், லாரிக்கு ஏன் இடம் விட்டாய். ஓட்டுநர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க சொல்றது ஒண்ணும் புரியல. திட்டுறீங்களா, பாராட்டுறீங்களா?"

"பாராட்டுறான்," என்றேன்.

எல்லையில் இயந்திரம் அவனை உள்ளே விடவில்லை. அட்டையை வைத்தான், கேமராவைப் பார்த்தான். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தான். மறுபடி சிவப்பு. சீருடைப் பெண் ஒருத்தி வந்தாள்.

"முகம் ஒத்துப்போகல. வாய உள்ள இழுக்காதீங்க."

"அவன் இழுக்கல," என்றேன். "வாய்ல இருக்க வேண்டியது பைல இருக்கு."

விடுதியில் கொடுத்த குளியல் தொப்பியில் பல்லைச் சுற்றி வைத்திருந்தான். அதுவும் ஓசி. பிரித்துக் காட்டினான். அவள் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கையால் முத்திரை குத்தும் வரிசைக்கு அனுப்பினாள். அந்த வரிசையில் முக்கால் மணி நேரம்.

வெளியே வந்ததும் டாக்ஸிக்குக் கை காட்டினேன். தம்பி என் கையை இறக்கினான். ஒரு தூணருகே ஒருவன் பல் படம் போட்ட பலகையோடு நின்றிருந்தான்.

"ஆஸ்பத்திரி வேன். ஓசி," என்றான் தம்பி. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"எப்போ கிளம்பும்?" என்று பலகைக்காரனைக் கேட்டேன்.

"ஏழு பேர் சேந்ததும்."

நாங்கள் இரண்டு பேர். மூன்றாவது ஆள் வர இருபது நிமிடம். ஏழாவது ஆள் வந்தபோது மணி பன்னிரண்டே கால். வேனில் ஏழு பேருமாகச் சேர்த்து எத்தனை பல் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மருத்துவர் சின்னப் பெண். இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"எதக் கடிச்சீங்க?"

"கல்யாண வேலை," என்றான்.

"கடலைமிட்டாய்," என்றேன்.

"ரெண்டரை மணிக்கு வாங்க."

கீழே ஒரு கடையில் கஞ்சி குடித்தோம். அவன் இரண்டு கிண்ணம் குடித்தான். வாழ்த்தை மெதுவாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். பரிமாறிய பெண் உப்பு கேட்கிறான் என்று நினைத்து உப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டே முக்காலுக்குப் பல் கைக்கு வந்தது. ஒட்டிய இடம் தெரியவில்லை. மாட்டிக்கொண்டான். பல்லோடு அவன் சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, கீழ வேன் நிக்குது."

"எத்தன பேர் ஏறியிருக்காங்க?"

"ஒருத்தர்."

அவன் சட்டைக் காலரைப் பிடித்து டாக்ஸிக்குள் தள்ளினேன். வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். பார்க்காவிட்டால் ஏறவே இல்லை என்று ஆகிவிடுமாம்.

இந்த முறை இயந்திரம் அவனை உடனே விட்டது. பச்சை விளக்கைப் பார்த்து அதற்கு ஒரு சிரிப்பு சிரித்தான். மக்காவ் பக்கம் வெளியே வந்தபோது நாலு மணி.

எங்கள் விடுதிப் பேருந்துக்கான வரிசை மூன்று தூணைச் சுற்றிப் போயிருந்தது. டாக்ஸி வரிசை அதைவிட நீளம். பக்கத்தில் வேறொரு விடுதியின் பேருந்து கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. பாதி இருக்கைகள் காலி.

"இதுல ஏறு," என்றான்.

"இது நம்ம விடுதி இல்லடா."

"எல்லாம் பக்கத்துப் பக்கத்துலதான இருக்கு. உள்ளாலயே நடந்து போயிரலாம். எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். நான் ஏறினேன். அது என் தப்பு.

நாலு முப்பதுக்கு இறக்கிவிட்டார்கள். உள்ளே கூரை முழுக்க வானம் வரைந்திருந்தார்கள். அந்தி வெளிச்சம், வெள்ளை மேகம். வெளியே போகும் வழி என்ற பலகையைப் பார்த்து நடந்தோம். சீட்டாட்ட மேசைகளுக்கு வந்து சேர்ந்தோம். வேறு பலகையைப் பார்த்து நடந்தோம். அதே மேசைகள். ஒரு மேசையில் யாரோ ஜெயித்துக் கூச்சல் போட்டார்கள். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவன் பயந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு கடிகாரக் கடை வந்தது. கண்ணாடிக்குள் இருந்த அத்தனை கடிகாரத்திலும் மணி பத்து பத்து என்றே நின்றிருந்தது. மூன்றாவது தடவை அதே கடை வந்ததும் நின்றுவிட்டான்.

"மணி என்னக்கா?"

"நாலு நாப்பத்தி மூணு."

"நான்தான் கெடுத்தேன்."

"ஆமா."

வேறு என்ன சொல்ல? அவன் தலையைத் தொங்கப்போட்டான். நெற்றியெல்லாம் வேர்வை. போனை எடுத்தேன்.

"அத்தை! எங்க இருக்கீங்க?"

"வானத்துக்குக் கீழ நிக்கிறோம்."

"எந்த வானம்?"

"மேகம் போட்டது."

"எல்லா விடுதிலயும் மேகம்தான் அத்தை!"

போன் கை மாறியது. சம்பந்தியம்மா.

"பக்கத்துல என்ன கடை?"

"கடிகாரக் கடைங்க."

"நாலு மாடிக் கடையா, சின்னதா?"

"சின்னது."

"எதிர்ல நகரும் படிக்கட்டு இருக்கும். ஏறுங்க. மேல கண்ணாடிப் பாலம் வரும். அங்க நில்லுங்க. அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. அவரு கையப் பிடிச்சுக்குங்க. விட்டா எந்த பஸ்லயாவது ஏறிடுவாரு."

இரண்டு விடுதிக்கும் நடுவில் சாலைக்கு மேலே இருந்தது பாலம். ஓரத்தில் ஒரு இரும்பு பெஞ்சு. நின்றோம். சூதாட வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். தம்பி வாய்க்குள் வாழ்த்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். என் கையை அவன்தான் பிடித்திருந்தான்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு வந்தார்கள். முன்னால் சம்பந்தியம்மா, தேநீர்க் கூடையைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு. நடை இல்லை, ஓட்டம். பின்னால் மாப்பிள்ளை, கக்கத்தில் இரண்டு சிவப்பு மெத்தை. கடைசியில் சூட்-யிங், சிவப்பும் பொன்னுமாக, பாவாடையை இரண்டு கையால் தூக்கிக்கொண்டு, காலில் விடுதிச் செருப்போடு. கூட்டம் தானாக வழி விட்டது.

"உக்காருங்க," என்றார் சம்பந்தியம்மா. தம்பி உட்கார்ந்தான். நான் தள்ளி நின்றேன்.

"நீங்களும்தான். அவருக்குப் பக்கத்துல. அம்மா இடம் காலியா இருக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். மெத்தைகள் விழுந்தன. பிள்ளைகள் மண்டியிட்டார்கள். காவலாளி ஒருவன் இங்கே உட்காரக் கூடாது என்று சொல்ல வந்தான். சம்பந்தியம்மா அவனைப் பார்த்தார். அவன் திரும்பி நின்று கூட்டத்தை ஒதுக்க ஆரம்பித்தான்.

"அப்பா, டீ எடுத்துக்குங்க."

தம்பி கோப்பையை வாங்கினான். ஒரே மூச்சில் குடித்தான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பல் இருந்தது. வார்த்தை இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்பந்தி, இன்னும் நாலு நிமிஷம்தான்," என்றார் சம்பந்தியம்மா.

தொண்டையைச் செருமினான்.

"நூறு வருஷம் ஒண்ணா இருங்க. வயசானாலும் மனசு ஒண்ணா இருக்கட்டும்." ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் கேட்டது. பாலத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். நிறுத்தினான். காலையிலிருந்து ஒத்திகை பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அவன் முடிக்கவில்லை.

"எங்க போனாலும் ரெண்டு பேரும் சேந்தே போங்க. அவசரம்னா டாக்ஸி எடுங்க."

சூட்-யிங் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததில் மை இழுபட்டது. மாப்பிள்ளை பயபக்தியோடு தலையாட்டினான்.

"அடுத்து அத்தை," என்று சம்பந்தியம்மா இரண்டாவது கோப்பையை மகன் கையில் வைத்தார். "சீக்கிரம், ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

வாங்கிக் குடித்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.