பசை மேசைக்கு இன்னொரு மருமகள்

"சனிக்கிழமை பொண்ணு வீட்டுக்குக் கள்ளு கொண்டு போறோம். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம நீயும் வரணும்டி."

மாமியார் இதைச் சொன்னபோது இஹுவோமா செருப்பின் அடித்தோலில் பசை தடவிக்கொண்டிருந்தாள். எதிரே தோல் வெட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ஒகேசி தலை நிமிரவில்லை. பெண் வீட்டுக்குக் கள் கொண்டுபோவதுதான் அங்கே கல்யாணச் சடங்கு. இந்த இரண்டாம் கல்யாணம் அவனுக்குத்தான்.

ஆபா நகரத்தில் அந்தச் செருப்புப் பட்டறை மாமியாருடையது. ஒகேசி அம்மா என்றால் தெரு முழுக்கத் தெரியும். பெற்றவளைப் பிள்ளையின் பெயரால் அழைப்பதுதான் அங்கே மரியாதை. இஹுவோமாவை எல்லோரும் வெறும் இஹுவோமா என்றே அழைத்தார்கள்.

அவளுக்குக் கரு தரிக்காமல் இல்லை. தரித்துத் தரித்துக் கலைந்தது. அடுத்த முறை தரித்ததும், வயிற்றில் பேய் என்று சொல்லி, மாமியார் அவளை ஊருக்கு வெளியே ஒரு ஜெப முகாமில் கொண்டுபோய் விட்டாள். அங்கே இருந்தவரை அந்தக் கரு கலையாமல் நின்றது. வயிறு தெரியத் தொடங்கியதும் போதகர் அவளை மேடையேற்றி, எல்லாம் ஜெபத்தின் பலன் என்று சாட்சி சொல்ல வைத்தார். மாமியார் பூரித்துப்போய் வீட்டுக்கு அழைத்து வந்து மறுபடியும் பசை மேசையில் உட்கார வைத்தாள். மழைக்காலம் வருமுன் அதுவும் போயிற்று.

"விசுவாசம் பத்தலை," என்றார் போதகர். நல்லது நடந்தால் போதகரால், கெட்டது நடந்தால் மருமகளால். இந்த நியாயத்தை எந்த ஊரில்தான் கேட்காமல் இருக்கிறோம்!

அப்போது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்திதான், "என்ன வேலைம்மா பாக்குறே? தலையெல்லாம் பசை நெடி அடிக்குதே," என்று கேட்டாள். காற்றுப் பட்டால் பசை காய்ந்துவிடும் என்று பட்டறைக் கதவை எப்போதும் மூடியே வைப்பார்கள். நெடியை முறிக்க ஆளுக்கு ஒரு டம்ளர் டின் பால் உண்டு.

"பால் குடிச்சா போகாதும்மா. அந்த நெடி ரத்தத்துல சேந்து கருவையே கலைச்சுடும். ஆம்பளைக்கும் கெடுதல்தான்," என்றாள் நர்ஸ்.

அதை நினைத்துக்கொண்டுதான் இஹுவோமா இப்போது வாயைத் திறந்தாள்.

"அத்தே, கோளாறு என் வயித்துல இல்ல. இந்தப் பசை டின்னுலதான் இருக்கு. முகாம்ல நின்னது இங்க வந்ததும் ஏன் போச்சு?"

"எத்தனை வருசமா சோறு போடுற பட்டறைடி இது! அது மேலயா பழி போடுறே?"

"உங்க மகனைச் சுமந்தப்போ நீங்க பசை ஒட்டினீங்களா, கையால தைச்சீங்களா?"

அந்தக் காலத்தில் பட்டறைக்குப் பசையே வந்திருக்கவில்லை.

"வாய் மட்டும் நல்லாப் பெத்துப் போடுது," என்று மாமியார் எழுந்து போனாள்.

சனிக்கிழமை பெண் வீட்டில் கள் குடித்தார்கள், ஆடினார்கள். ஓலன்மா என்ற அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். வந்த மறுநாளே மாமியார் அவளைப் பட்டறைக்குக் கூட்டி வந்து இஹுவோமாவின் முக்காலியைக் காட்டினாள்.

"உக்காரும்மா ராசாத்தி. இஹுவோமா, இனிமே நீ அடுப்படியைப் பாரு."

ஓலன்மா ஒரு கையில் பால் டம்ளரும் மறுகையில் புதுப் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தாள். நெடி தாங்காமல் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் சிரித்தாள். பாவம், சின்னப் பெண்.

இஹுவோமா பேசாமல் போயிருக்கலாம். அடுப்படியில் பசை இல்லை. அவளுக்கு இனிப் பிள்ளை தங்கும். மலடிப் பட்டத்தை இந்தப் பெண் சுமப்பாள். ஒரு கணம் அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. இனித்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"எந்திரிம்மா," என்றாள்.

"ஏங்கா? ஒட்டத் தெரியும்கா எனக்கு."

"தெரியும். எந்திரி."

முக்காலியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். பசை டின்னை அதன் பக்கத்தில் வைத்தாள். திரும்பி வந்து, இரண்டு கதவையும் சுவரில் போய் முட்டும்படி தள்ளித் திறந்தாள். தெருப் புழுதியோடு காற்று உள்ளே வந்தது. ஒகேசி முதன்முறையாகத் தலை நிமிர்ந்தான்.

"அடியேய், பசையெல்லாம் காஞ்சுடும்டி!" என்று அலறினாள் மாமியார்.

"காயட்டும் அத்தே."