அக்காவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

தங்கை கையில் வைத்திருந்த சீட்டில் எட்டுப் பொருட்கள் எழுதியிருந்தன. அவற்றில் இரண்டை வீட்டிலேயே அடித்துவிட்டாள். ஒன்று கேபினெட் என்கிற வெளிப்பெட்டி, இன்னொன்று கீபோர்டு. அக்காவின் பழைய கேபினெட் ஒரு மூலையில் நசுங்கியிருந்தது. கீபோர்டில் இடது பக்கம் நான்கு எழுத்துகள் தேய்ந்தே போயிருந்தன. நசுங்கல் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்காது. மிச்சமாகிற காசு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும் என்பது அவள் கணக்கு.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டிருந்தாள். எந்த கார்டு திரையில் நொடிக்கு எத்தனை படம் காட்டும், அதன் விலையை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு படத்துக்கு என்ன விலை விழும் என்று முப்பத்தொரு வரிசை. விலை குறைந்ததும் ஜெயிக்கவில்லை, கூடியதும் ஜெயிக்கவில்லை. நடுவில் இருந்த ஒன்று ஜெயித்தது.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறிப் போகவேண்டும். கடைக்காரரை எல்லோரும் 'வாட்டு' என்பார்கள். யார் வந்தாலும் பவர் சப்ளை எத்தனை வாட்டு என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.

"எத்தனை வாட்டும்மா?"

தங்கை பதில் சொல்லாமல் சீட்டை நீட்டினாள். தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வாட்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "கலர் கலரா லைட்டு எரியுற ரேம் வேணாமா? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க."

வேண்டாமென்று தலையாட்டினாள்.

"நல்லது. லைட்டு எரிஞ்சா எனக்குத்தான் லாபம், உனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு எட்டு ஜிபி போட்டிருக்க, ஒரே பதினாறா போடல. விவரமாத்தான் இருக்க. ஆனா இந்த ப்ராசஸர் எதுக்கு? இதுக்கு ஒரு படி கீழே உள்ளதே போதுமே."

"நாலு படம்தான் வித்தியாசம்" என்றாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

"அட, பேசுவியா நீ! சரி, கீழே உள்ளதையே எடுத்துக்க. அந்த நாலு படம் யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?" பேனா கீழே இறங்கிப் பவர் சப்ளையில் நின்றது. "இந்த மலிவானது வேணாம். எல்லாத்துலயும் சிக்கனம் பாரு, இதுல பாக்காத. இது பொசுங்கினா தனியாப் போகாது, கூட நாலு பேரைக் கூட்டிட்டுத்தான் போகும்."

தங்கை யோசித்தாள். பிறகு பேனாவை வாங்கிப் புது ஹார்டு டிஸ்க்கையும் அடித்தாள். வீட்டில் பழையது இருக்கிறது. அந்தக் காசில் நல்ல பவர் சப்ளை வரும்.

"யாருக்கும்மா, தம்பிக்கா?"

"அக்காவுக்கு."

"அக்காவா கேம் ஆடுறாங்க?"

"நல்லா ஆடுவா" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தானாக உயர்ந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் தங்கையின் கடைசி வருடப் படிப்புக்கு மைக்ரோஸ்கோப் படங்களை அலசும் மென்பொருள் தேவைப்பட்டது. சாதாரண கம்ப்யூட்டரில் அது ஓடாது. கூரியர் ஆபீஸில் வேலை பார்த்துச் சேர்த்து வாங்கிய தன் கம்ப்யூட்டரை அக்கா அப்படியே தூக்கித் தங்கையின் மேஜையில் வைத்தாள். "எனக்கு ஆட்டமே சலிச்சுப் போச்சுடி" என்றாள்.

தங்கை அதை நம்பினாள். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அக்கா போனில் சத்தமில்லாமல் யாரோ ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை சாப்பிட்டது. இடது கையின் மூன்று விரல்கள் மேஜைமேல் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து தங்கை நம்பவில்லை. டிஸ்க்கில் இடம் போதாமல் தவித்த நாட்களிலும் அக்காவின் கேமை மட்டும் அவள் அழிக்கவில்லை. படிப்பு முடிந்த கையோடு மதர்போர்டு உயிரை விட்டது. டிஸ்க் பிழைத்துக்கொண்டது.

போன வாரம் அக்காவின் பழைய கேம் அணியின் தலைவி போன் செய்திருந்தாள். நாலாவது ஆள் விலகிவிட்டாளாம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆன்லைனில் வந்து ஒரு தடவை ஆடிக் காட்டு, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்றாள். "பார்க்கலாம்" என்று பிடி கொடுக்காமல் பேசி வைத்துவிட்டு அக்கா நெடுநேரம் துணி மடித்தாள். மடித்த துணிகளையே மறுபடி மடித்தாள்.

சனிக்கிழமை காலை அக்கா வேலைக்குப் போனதும் தங்கை கையுறை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினாள். ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒவ்வொன்றாக மாட்டினாள். இரண்டு மணிக்கு அக்கா கதவைத் திறந்தாள்.

"என்னடி இது?" அருகில் வந்து நசுங்கிய மூலையைத் தடவினாள். "இதைத் தூக்கிப் போடலையா நீ?"

"உள்ள எல்லாம் புதுசு. டிஸ்க் மட்டும் பழசு. உன் கேம் அப்படியே இருக்கு."

அக்கா முகம் கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள். கேம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. எட்டே நிமிடம். கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டார்கள். ஆறாவது நிமிடத்தில் அணைந்தது.

"நான்தான்கா கெடுத்தேன். பெரிய ப்ராசஸரா எடுத்திருக்கணும். மலிவாப் பாத்து, பாத்து..."

"சும்மா இருடி, அழுறதுக்கு நேரமில்ல." அக்கா மூன்றாம் தடவை போட்டு வெப்பநிலையைத் திரையின் ஓரத்தில் வரவழைத்தாள். தொண்ணூற்றெட்டு டிகிரி. "உன் ப்ராசஸர் கொதிக்குது. அது மேல இருக்கிற கூலர் ஃபேனைக் கழட்டு."

கழற்றினாள். ப்ராசஸரின் மேல்பக்கமும் கூலரின் அடிப்பக்கமும் கண்ணாடி போலப் பளபளத்தன.

"பசை எங்க?"

"எந்தப் பசை?"

"கூலர் அடியில சாம்பல் கலர்ல பூசியிருக்குமே. சூடு அது வழியாத்தான் கூலருக்கு ஏறும்."

தங்கை கையுறையைக் கழற்றினாள். "அதுவா... ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டேன்."

"துடைச்சியா?"

"அழுக்குன்னு நினைச்சேன்கா. லேப்ல கண்ணாடியில ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் திட்டுவாங்க."

அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "நல்லாத்தான் பாத்து வாங்கியிருக்க. கொஞ்சம் ஓவரா சுத்தம் பண்ணிட்ட, அவ்வளவுதான். ஓடு, கடைக்கு ஓடு. மணி நாலாகுது!"

கடையில் ஆறு பேர் நின்றார்கள். தங்கை சீட்டு எழுதிக்கொண்டு வரவில்லை. வரிசையில் நின்றால் நேரம் போய்விடும். அவள் வாழ்நாளில் முதல் தடவையாகக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சத்தமாகப் பேசினாள்.

"அண்ணே, பசையைத் துடைச்சிட்டேன்!"

கடையே திரும்பியது. வாட்டு கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "ஃபேன் மாட்ட மறந்தவனைப் பாத்திருக்கேன். வயரைத் தலைகீழா சொருகினவனைப் பாத்திருக்கேன். குளிப்பாட்டிட்டு வந்த ஆளு நீதாம்மா." இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன ஊசிக்குழாய் பசையை எடுத்துத் தலைகளுக்கு மேலாக நீட்டினார். அவள் பையைத் திறந்தாள். "காசெல்லாம் வேணாம். இந்தக் கதையை இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்லுவேன், அதுக்கு இது விலை. ஓடு."

நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அடுத்தவரிடம் எத்தனை வாட்டு என்று கேட்டுவிட்டார். அவள் படியில் இறங்கியபடியே நன்றியைச் சொல்லிக்கொண்டு போனாள்.

பசையை அவளே வைத்தாள். தினமும் நாற்பது பேர் கையில் நரம்பு தேடுகிற விரல்கள் நடுங்கவில்லை. நட்டநடுவில், ஒரு பட்டாணி அளவு. கூலரை நேராக இறக்கித் திருகினாள்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது அக்கா ஹெட்போனை மாட்டினாள். "நாலாவது ஆள் வந்தாச்சு" என்றாள். பசை துடைத்த கதையையும் அணியிடம் சொல்லிவிட்டாள்.

தங்கைக்கு அந்த ஆட்டத்தின் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஸ்டூலில் உட்கார்ந்து திரையின் ஓரத்து எண்ணை மட்டும் கண்கொட்டாமல் பார்த்தாள். அறுபத்தொன்று. அறுபத்திநாலு. அங்கேயே நின்றது. முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாவதில் அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அந்த மூன்று விரல்கள் எழுத்தே இல்லாத கட்டைகளின்மேல் பறந்தன. ஜெயித்தார்கள்.

அக்கா பெருமூச்சு விட்டுச் சாய்ந்தாள். காதில்தான் ஹெட்போன் இருக்கிறதே, ஒன்றும் கேட்காது என்ற தைரியத்தில் தங்கை திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"உனக்கு ஆட்டம் சலிக்கவே இல்லன்னு எனக்குத் தெரியும்கா. அன்னைக்கு நீ கொடுக்கலன்னா நான் படிச்சு முடிச்சிருக்க மாட்டேன். ரொம்ப நன்றிக்கா."

அக்கா ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். கண் கலங்கியிருந்தது. உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"மைக் ஆன்ல இருக்குடி, லூசு. மூணு பேரும் கேட்டுட்டாங்க."

தங்கை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாகக் கேட்டாள். "என்ன சொல்றாங்க?"

"அடுத்த சனிக்கிழமையும் நான் வரணுமாம். அதுக்குள்ள நீ எதையும் துடைச்சிடக் கூடாதாம்."